தேசவழமை: எழுதியவர் யார், சரிபார்த்தவர் யார், இன்றும் கணவரின் கையெழுத்துக்குக் காத்திருப்பவர் யார்?

தோம்பு:

யாழ்ப்பாணத் தமிழரின் காணி, சீதன, உரித்து வழக்கச் சட்டமான தேசவழமை என்றதும் வழக்கமாக இரண்டு பேச்சுத்தான் காதில் விழுகிறது. "மூதாதையர் தந்த சட்டம், கைவைக்காதே" என்பது ஒன்று. "ஒல்லாந்தன் எழுதிய கடதாசி, தூக்கி எறி" என்பது மற்றது. இரண்டு பக்கத்தாரும் மூலத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. ஒரு குடியேற்ற அரசு வழக்கத்தை எப்படிச் சட்டமாக்கியது, அந்தச் சட்டத்தை வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் எப்படி வளைத்தார்கள் என்பதை யாழ்ப்பாணத்தை வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இந்த இழை.

அடிப்படை விபரம் இது. இலங்கையின் ஒல்லாந்த (டச்சு) ஆளுநர் கொர்னேலிஸ் ஜோன் சிமன்ஸ், ஊர் வழக்கங்களைத் தொகுக்கும்படி 1704இல் பணித்தார். யாழ்ப்பாணத்துத் திசாவையாக (மாவட்ட அதிகாரி) இருந்த கிளாஸ் ஈசாக்ஸ் அதை ஒல்லாந்த மொழியில் தொகுத்து 1707 ஜனவரியில் ஒப்படைத்தார். முப்பத்தேழு ஆண்டுகள் இந்த மண்ணில் வேலை பார்த்த அனுபவத்தில் அவர் எழுதினார். பிறகு அது தமிழில் பெயர்க்கப்பட்டு 12 முதலியார்களிடம் சரிபார்க்கக் கொடுக்கப்பட்டது. அவர்கள் ஒப்பமிட்டதும் நீதிமன்றங்களுக்குப் போனது. ஆங்கிலேயர் வந்தபின் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம் அதற்கு முழுச் சட்ட வலுக் கொடுத்தது.

ஒல்லாந்தருக்கு இது ஏன் தேவைப்பட்டது? அன்பினால் அல்ல. காணி வழக்குகள் குவிந்தன. தீர்ப்புச் சொல்ல ஒல்லாந்த அதிகாரிக்கு ஊர் வழக்கம் தெரியாது. யாரைக் கேட்டாலும் வேறு வேறு பதில் வரும். வழக்கைத் தீர்க்க ஒரு புத்தகம் வேண்டும், காணிக் கணக்குக்கும் வரிக்கும் யார் உரிமையாளர் என்று தெரிய வேண்டும். தோம்பு (காணிப் பதிவேடு) எழுதுவதும் தேசவழமை எழுதுவதும் ஒரே தேவையின் இரண்டு கைகள்.

ஒற்றிக்காணி:

நல்ல தொடக்கம். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஈசாக்ஸ் எழுதியது "ஆதிகால வழக்கம்" அல்ல என்பது அவருடைய வாசகத்திலேயே இருக்கிறது.

முதற்பகுதியைப் பாருங்கள். முன்னொரு காலத்தில் கணவன் கொண்டுவந்தது முதுசம், மனைவி கொண்டுவந்தது சீதனம், இருவரும் மணவாழ்வில் சம்பாதித்தது தேடியதேட்டம். முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, சீதனம் பெண்பிள்ளைகளுக்கு, தேடியதேட்டம் இருபாலாருக்கும் என்று கோடு தெளிவாக இருந்தது. அதன்பின் அவரே சொல்கிறார்: ஆட்சிகள் மாறின, குறிப்பாகப் போர்த்துக்கேயர் காலத்தில் பிலிப் மஸ்கரேஞ்ஞஸ் பொறுப்பில் இருந்தபோது, வழக்கம் படிப்படியாக மாறியது. பெண்ணுக்குச் சீதனம் கொடுக்கும்போது தாயின் சொத்து, தந்தையின் சொத்து என்று பாராமல் இரண்டிலிருந்தும் கொடுக்கத் தொடங்கினார்கள். சீதனம் பெற்றுப் போன பெண்ணுக்கு மிச்சத்தில் உரிமை இல்லை, மிச்சம் ஆண்பிள்ளைகளுக்கு.

ஆக, 1707இல் அவர் எழுதியது ஓடிக்கொண்டிருந்த ஆற்றில் அள்ளிய ஒரு குடம் தண்ணீர். அதற்குமுன் நூறு ஆண்டுக்குள் பெரிதாக மாறிய வழக்கம் அதற்குப்பின் மாற வழியில்லாமல் போனது. மாறியிருந்தால் அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். புத்தகம் எதிரே இருக்கும்போது வாய்ச்சாட்சியம் நிற்காது.

விற்பனைப் பகுதி இன்னும் நல்ல உதாரணம். காணி விற்க நினைப்பவர் உரித்தாளிகளுக்கும் (வாரிசுகள்) பங்காளிகளுக்கும் அறிவிக்க வேண்டும், அவர்களுக்கே முதல் உரிமை என்பது ஊர் வழக்கம். அதை எப்படி அறிவிப்பது? கொமாந்தர் (யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தலைமை அதிகாரி) புளோம் காலத்திலிருந்து, விற்பவர் சார்ந்த தேவாலயத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவித்த பிறகே விற்பனை என்று ஈசாக்ஸ் எழுதுகிறார். இது ஒல்லாந்த அதிகாரியின் கட்டளை. ஆனால் "மலபார் குடிகளின் வழக்கங்கள்" என்ற தலைப்பின்கீழ் அதுவும் உட்கார்ந்துகொண்டது. (அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை மலபார் என்றே எழுதினர். இன்றைய கேரளத்தோடு குழப்ப வேண்டாம்.)

கைநாட்டு:

12 முதலியார்கள் என்பதைக் கடந்து போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் மையம்.

முதலியார்கள் யார்? ஒல்லாந்த நிருவாகத்தில் பதவி வகித்தவர்கள், காணி உடையவர்கள், மேற்சாதியார், ஆண்கள். சட்டக்கோவையில் அடிமைகளுக்கென்று ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று நான்கு பிரிவையும் அடிமைகளாகப் பெயர்சொல்லி, அவர்களின் திருமணம், பிள்ளைகள் யாருக்குச் சொந்தம், ஆண்டானின் உரிமை எதுவரை என்றெல்லாம் எழுதியிருக்கிறது. அந்த நான்கு பிரிவிலிருந்தும் ஒருவரைக்கூடக் கூப்பிட்டு "இது உங்கள் வழக்கம்தானா" என்று கேட்டதாக இல்லை. ஒரு பெண்ணைக் கேட்டதாகவும் இல்லை.

இதன் விளைவு என்ன? எழுதப்படுவதற்கு முன் அடிமைமுறை ஒரு சமூக வலிமை. அதை மீறலாம், ஓடிப்போகலாம், ஊருக்கு ஊர் பேரம் பேசலாம். எழுதியபின் அது நீதிமன்றம் நிறைவேற்றித் தரும் உரிமை. 1806இல் ஆங்கிலேயர் தேசவழமையை அப்படியே ஏற்றபோது அந்தப் பகுதியும் சேர்ந்தே ஏற்கப்பட்டது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வரும்வரை அடிமைத்தனம் முழுதாக ஒழியவில்லை. "எங்கள் முன்னோர் சட்டம்" என்று பேசுகிறவர்கள் அந்தப் பகுதியையும் ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டுப் பேசட்டும்.

சேதுக்கரை:

தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஓர் ஒப்பீடு. சென்னை மாகாணத்தில் நடந்தது கிட்டத்தட்ட எதிர்த்திசை.

1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்துக்கு வகுத்த திட்டம் இந்துக்களுக்குச் சாத்திரம், முஸ்லிம்களுக்குக் குர்ஆன் என்றது. அதே எண்ணம் சென்னைக்கும் வந்தது. நீதிமன்றத்தில் பண்டிதர் உட்கார்ந்து சமஸ்கிருத நூலைப் பார்த்துச் சொல்வார், நீதிபதி தீர்ப்பெழுதுவார். 1864இல் பண்டிதர் பதவியை ஒழித்தார்கள். அதற்குள் மொழிபெயர்ப்புகளும் முன்தீர்ப்புகளும் சேர்ந்துவிட்டன, பண்டிதர் தேவைப்படவில்லை. சமஸ்கிருதச் சட்ட உரைநூலான மிதாட்சரத்தின் பெயரையே கேட்டிராத சாதிகளுக்கும் அதுவே சட்டம் ஆனது. நெல்சன் என்ற ஆங்கிலேய மாவட்ட நீதிபதியே 1877இல் இதை எதிர்த்து நூல் எழுதினார்: சென்னை உயர் நீதிமன்றம் நடத்தும் இந்துச் சட்டம் இங்குள்ள பெரும்பாலான மக்கள் அறியாதது, அவர்களுடைய வழக்கத்தைப் பாருங்கள் என்று. நீதிபதிகள் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள்.

ஒரு விதிவிலக்கு இராமநாதபுரம் வழக்கு. சேதுபதி பிள்ளையில்லாமல் இறந்தார். இராணி பர்வதவர்த்தனி நாச்சியார் சுவீகாரம் எடுத்தார். கணவர் அனுமதி கொடுத்துவிட்டுச் சாகவில்லை, ஆகவே சுவீகாரம் செல்லாது, ஜமீன் அரசுக்கே சேரும் என்று மதுரைக் கலெக்டர் வாதாடினார். 1868இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் (கடைசி மேன்முறையீட்டு மன்றம்), பங்காளிகளின் சம்மதம் போதும் என்று சுவீகாரத்தை ஏற்றது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிய நூலைவிட வலியது என்ற விதி அந்தத் தீர்ப்பில்தான் வந்தது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் "தெளிவாக நிரூபி" என்பதற்குச் சாட்சி, ஆவணம், மேன்முறையீடு, இலண்டன்வரை வழக்கறிஞர் என்று செலவு. சேதுபதி குடும்பத்தால் முடியும். சாதாரணக் குடியானவரால் எப்படி முடியும்?

அங்கே வழக்கத்தை எழுதி உறைய வைத்தார்கள். இங்கே நூலைக் கொண்டுவந்து வழக்கத்தின் மேல் வைத்தார்கள். ஒரு கேள்வி: தேசவழமை எல்லா ஈழத் தமிழருக்கும் பொருந்துமா?

உறுதிப்பெட்டி:

பொருந்தாது. இந்தத் தவறு பரவலாக நடக்கிறது, படித்தவர்களும் செய்கிறார்கள்.

1806ஆம் ஆண்டுப் பிரமாணத்தின் சொற்கள் "யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடிகள்" என்பவை. அந்த ஒரு தொடரின்மேல் நூறு ஆண்டுக்கு மேல் வழக்கு நடந்திருக்கிறது. 1913இல் ஸ்பென்சர் எதிர் இராஜரத்தினம் வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னதன் சாரம்: இது ஓர் இனத்தின் சட்டமும் அல்ல, சமயத்தின் சட்டமும் அல்ல, ஓர் இடத்தின் வழக்கம். அந்த மாகாணத்தில் குடியாயிருக்கும் தமிழருக்கே அது பொருந்தும். (இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பதே நாட்டின் உச்ச மன்றம். தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்ப வேண்டாம்.)

ஆகவே மட்டக்களப்புத் தமிழருக்குப் பொருந்தாது. அங்கே முக்குவர் வழக்கம் தாய்வழியாக இருந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்துக்குப்பின் அது நடைமுறையில் போய்விட்டது. மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டக்கோவை: 1806இல் கொழும்பு மாகாணத்துக்கு வந்தது, 1852இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. கொழும்பில் நான்கு தலைமுறையாக வாழும் தமிழருக்கு? அங்கேதான் சிக்கல். பிறப்பா, நிரந்தரக் குடியிருப்பா, திரும்பிப்போகும் எண்ணமா என்று சாட்சியம் வைத்துத் தீர்மானிக்க வேண்டும். பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

திருமணமும் இதை மாற்றும். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, தேசவழமைக்குட்பட்ட பெண் அதற்குட்படாத ஆணை மணந்தால் அந்த மணவாழ்வு நீடிக்கும்வரை அவளும் உட்படமாட்டாள். உட்படாத பெண் உட்பட்ட ஆணை மணந்தால் அவளும் உட்படுவாள். பெண்ணின் சட்டம் கணவனோடு போகிறது. மட்டக்களப்பில் பிறந்து தன் காணியைத் தன் விருப்பப்படி விற்றுவந்த பெண், பருத்தித்துறைக்காரரை மணந்த மறுநாள் விற்கப் போனால் நொத்தாரிசு (காணி உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) "அவரின் கையெழுத்து எங்கே" என்று கேட்பார். இதை மணவறைக்கு முன் யாரும் சொல்வதில்லை.

தோம்பு:

அந்தக் கையெழுத்தைத்தான் நான் தொட நினைத்தேன். கணவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் மனைவி தன் சொந்த அசையாச் சொத்தைக் கைமாற்ற முடியாது என்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின் 6ஆம் பிரிவு. அசையும் சொத்தை விற்கலாம், மரணசாதனமும் (உயில்) எழுதலாம். காணியை உயிரோடிருக்கும்போது கைமாற்ற மட்டும் சம்மதம் வேண்டும்.

இது தேசவழமை அல்ல, ஆங்கிலேயர் சட்டம். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தில், உரோம-ஒல்லாந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கென்று எழுதிய பிரிவின் அச்சுப்பிரதிதான் இந்த 6ஆம் பிரிவு. "அசைவனவற்றில் சம்மதமின்றி, அசையாதவற்றில் எழுத்துச் சம்மதத்தோடு, வேறு விதமாக அல்ல" என்ற சொல்லொழுங்குவரை ஒன்றே. 1923இல் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச்சட்டம் வந்து மற்றப் பெண்களை அந்தக் கட்டிலிருந்து அவிழ்த்துவிட்டது. தேசவழமைக்குட்பட்ட வடமாகாணத் தமிழரை அதிலிருந்து விலக்கி வைத்தது. மற்றவர்களுக்குச் செத்துப்போன பிரிவு நமக்கு மட்டும் உயிரோடிருக்கிறது. அதையே இப்போது நம் பண்பாடு என்கிறோம்.

ஒற்றிக்காணி:

உங்கள் கோபத்தோடு உடன்படுகிறேன், ஆனால் பாதிக்குத்தான். ஈசாக்ஸின் நன்கொடைப் பகுதியைத் திரும்பப் பாருங்கள். பெண்கள் கணவரின் விருப்பத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள், ஆகவே கணவரின் சம்மதமில்லாமல் எதையும் கொடையாகக் கொடுக்கக் கூடாது என்ற கருத்து அங்கேயே இருக்கிறது. எனவே "முழுதும் ஆங்கிலேயர் இறக்குமதி" என்றால் எதிர்த்தரப்பு அந்த வரியை எடுத்துக்காட்டி உங்களை மடக்கிவிடும்.

சரியாகச் சொல்வதானால் இப்படி: 1707இல் இருந்தது கொடைபற்றிய ஒரு வரி, அதுவும் ஐரோப்பியத் திருச்சபைச் சட்டத்திலும் உரோம-ஒல்லாந்தச் சட்டத்திலும் ஊறிய ஓர் அதிகாரியின் பேனாவழியாக வந்தது. 1911 அதை விற்பனை, ஈடு, குத்தகை எல்லாவற்றுக்கும் விரித்தது. அதேவேளை, பெண்ணின் சொத்து அவளுடைய தனி ஆதனம், கணவரின் கடனுக்கு அதில் கைவைக்க முடியாது என்றும் 1911தான் உறுதிப்படுத்தியது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பூட்டியது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தோம்பு:

ஏற்றுக்கொள்கிறேன். நன்கொடைப் பகுதியை நான் விட்டது தவறு. வாதம் "இறக்குமதி" அல்ல, "விரித்தெழுதி மற்றவர்களுக்கு நீக்கியபின்னும் வைத்திருந்தது" என்பதே.

உறுதிப்பெட்டி:

வரலாறு இருக்கட்டும், காணி உறுதியை (பத்திரம்) கையில் எடுத்தால் இது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். தேடியதேட்டத்தில்தான் மிகப் பெரிய பிழைகள் நடக்கின்றன.

முதலில் திருமணத் திகதி. 1911க்கு முன்பா, 1911க்கும் 1947க்கும் இடையிலா, 1947க்குப் பின்பா? மூன்று காலத்துக்கும் மூன்று பதில். அடுத்தது அந்தக் காணி எப்படி வந்தது. உறுதியின் உரித்து வாசகத்தில் "முதுச வழி", "சீதன உறுதிப்படி", "நன்கொடை", "அறுதியாக வாங்கி" என்று எழுதியிருக்கும். அறுதியாக வாங்கியதென்றால் எந்தப் பணத்தால் வாங்கியது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, வாங்கிய நாளில் மணவாழ்வு நடந்துகொண்டிருந்ததா.

1911இன் வாசகம் எளிது: மணவாழ்வில் பெறுமதி கொடுத்து யார் வாங்கினாலும், யார் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் சரிபாதி. அன்றே பாதி மனைவிக்குச் சேர்ந்துவிடும். 1947இன் 58ஆம் இலக்கத் திருத்தம் 19ஆம், 20ஆம் பிரிவுகளை மாற்றியது. இப்போது தேடியதேட்டம் என்பது "கணவனின் தேடியதேட்டம்", "மனைவியின் தேடியதேட்டம்" என்று தனித்தனி. தன் தனி ஆதனத்தின் பகுதியல்லாத பணத்தில் வாங்கியதும், தனி ஆதனத்தின் வருமானமும் மட்டுமே அதில் சேரும். வாங்கியவர் உயிரோடிருக்கும்வரை அது வாங்கியவருடையது. அவர் இறக்கும்போது, மரணசாதனத்தாலோ வேறு வழியாலோ கைமாற்றாமல் எஞ்சியதில் பாதி மற்றத் துணைக்கு, மறுபாதி இறந்தவரின் உரித்தாளிகளுக்கு.

ஊரில் இன்றும் 1911இன் சட்டத்தையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். "அவர் பெயரில் வாங்கினால் என்ன, பாதி என்னுடையதுதானே" என்று நகையை விற்றுப் பணம் கொடுத்த மனைவி நினைப்பார். நகை அவருடைய சீதனம், அந்தப் பணத்தில் வாங்கிய காணியை மனைவி பெயரிலேயே எழுதியிருந்தால் அது மனைவியின் தனி ஆதனம். கணவர் பெயரில் எழுதி, பணம் எங்கிருந்து வந்தது என்று உறுதியில் ஒரு வரிகூட இல்லையென்றால், பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. வங்கிச் சீட்டு, நகை விற்ற பற்றுச்சீட்டு, சீதன உறுதி மூன்றையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் அரிது. ஒரே ஒரு வரி, "இன்னாரின் சீதனப் பணத்தைக்கொண்டு" என்று, உறுதி எழுதும் நாளில் சேர்த்தால் போதும். நொத்தாரிசு தானாகக் கேட்கமாட்டார். வாங்குபவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த பிழை முற்கொள்வனவு, அதாவது விற்கும் காணியை முதலில் வாங்கும் உரிமை. 1947இன் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அந்த உரிமையைச் சுருக்கியது. இன்று கூட்டுச் சொந்தக்காரருக்கும், விற்பவர் மரணசாதனமின்றி இறந்தால் உரித்தாளிகளாக வரக்கூடியவர்களுக்கும்தான். பக்கத்து வேலிக்காரர் "எனக்குத்தான் முதல் உரிமை" என்று வந்தால் அது பழைய காலத்துப் பேச்சு. ஆனால் பிரியாத பங்கை வெளியாருக்கு விற்கும்போது முறையான அறிவித்தல் இல்லாமல் உறுதி எழுதினால் பங்காளி வழக்குப் போட்டு விற்பனையையே தன் பக்கம் திருப்பலாம். அண்ணன் வாய்ச்சொல்லில் "வித்துப் போடு" என்றார் என்பது அறிவித்தல் ஆகாது.

பங்குகள் எப்படிச் சிதைகின்றன என்பதையும் பாருங்கள். இரண்டு பரப்புக் காணி, நான்கு பிள்ளைகள், அவர்களுக்கு மூன்று மூன்று பிள்ளைகள். இரண்டாம் தலைமுறையிலேயே ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்றால் அது எவ்வளவு நிலம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், கிணற்றுப் பங்கு வேறு. பிரிக்க வேண்டுமென்றால் பாகப்பிரிவினை வழக்கு: வழக்குப் பதிந்ததும் காணிப் பதிவகத்தில் வழக்கு நிலுவையிலுள்ளது என்று பதிய வேண்டும், பிறகு நில அளவையாளரின் முதல் அளவை, பங்குகளைத் தீர்மானிக்கும் இடைக்காலத் தீர்ப்பு, பிரிப்புத் திட்டம், இறுதித் தீர்ப்பு. பங்காளிகளில் ஒருவர் கனடாவில், ஒருவர் எங்கே என்றே தெரியாது என்றால் அழைப்பாணை சேர்ப்பிப்பதிலேயே ஆண்டுகள் போகும். வழக்கு நடக்கும்போது ஒருவர் இறந்தால் அவருடைய உரித்தாளிகளைச் சேர்க்க வேண்டும். 1863, 1951, 1977 என்று மூன்று முறை சட்டத்தை மாற்றி எழுதியும் இந்தச் சிக்கல் தீரவில்லை.

கைநாட்டு:

வழக்கறிஞர் என்ற வகுப்பே இங்கிருந்துதான் எழுந்தது என்பதையும் சேர்க்க வேண்டும். எங்கள் பெரியவர்கள் சொல்லும் பிரக்கிராசியும் (வழக்கைத் தயாரிப்பவர்) அப்புக்காத்தும் (மன்றில் வாதாடுபவர்). 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம் இருவரையும் ஒரே சட்டத்தரணி ஆக்கும்வரை அது இரண்டு தனித் தொழில். காணி வழக்கு ஓயாத ஊரில் பிள்ளையை அப்புக்காத்து ஆக்குவது சீதனத்தைவிடப் பெரிய முதலீடு. சட்டசபையில் தமிழருக்காகப் பேசியவர்களும் அந்த வகுப்பிலிருந்தே வந்தார்கள். பொன்னம்பலம் இராமநாதன் தீர்ப்புத் தொகுப்புகளை வெளியிட்டவர், சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர். தேசவழமை அவர்களுக்குப் பண்பாடு மட்டும் அல்ல, தொழில். தொழிலாக இருக்கும் ஒன்றைச் சீர்திருத்த யார்தான் அவசரப்படுவார்கள்?

ஒற்றிக்காணி:

இன்னொரு பக்கத்தையும் மறக்கக் கூடாது. தேசவழமையை மட்டும் பார்த்தால் "உள்ளூர் வழக்கத்தை மதித்த நல்ல அரசு" என்று தோன்றிவிடும். அதே ஆங்கிலேயர் 1840இல் இரண்டு கட்டளைச்சட்டங்களைக் கொண்டுவந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

7ஆம் இலக்கம்: காணியை விற்பது, ஈடு வைப்பது எல்லாம் நொத்தாரிசு முன்னால், குறைந்தது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் இருக்க, எழுத்தில் கையொப்பமிட்டால்தான் செல்லும். 12ஆம் இலக்கம்: காடு, தரிசு, குடியில்லா நிலம், பயிரிடாத நிலம் எல்லாம், எதிர்மாறாக நிரூபிக்கும்வரை, முடிக்கு (அரசுக்கு) சொந்தம் என்று ஊகிக்கப்படும். சில ஆண்டு இடைவெளிவிட்டுப் பயிர்செய்யும் சேனை நிலம், முன்னாள் கண்டிப் பகுதிகளில், தோம்பு எழுதாத இடங்களில், முடிக்குரியதாகவே கொள்ளப்படும். சன்னஸ் போன்ற அரச கொடைப் பத்திரத்தையோ வரி கட்டிய ஆதாரத்தையோ காட்டினால் மட்டும் தப்பலாம்.

கவனியுங்கள்: ஒரு சட்டம் "எழுத்து இல்லாவிட்டால் உரிமை இல்லை" என்கிறது, மற்றது "உரிமையை நிரூபிக்காவிட்டால் அரசுக்கு" என்கிறது. கண்டியில் தலைமுறை தலைமுறையாகச் சேனை கொத்தியவரிடம் எழுத்து எங்கே இருக்கும்? நிலம் முடிக்குப் போனது, கோப்பித் தோட்டக்காரருக்கு ஏக்கர் ஐந்து சிலிங் என்று விற்கப்பட்டது, வாங்கியவர்களில் அரச அதிகாரிகளும் இருந்தார்கள். 1844இல்தான் விலை இருபது சிலிங்குக்கு ஏறியது. அந்தத் தோட்டங்களில் வேலைசெய்யத்தான் இராமநாதபுரம், திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்து மக்கள் மன்னார்வழியே நடத்திக் கொண்டுவரப்பட்டார்கள். நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்ற ஒரு வாக்கியத்தை மாற்றியதில் ஒரு நாட்டின் குடித்தொகையே மாறிப்போனது. சட்டம் எழுதியவர்களுக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை.

சேதுக்கரை:

ஒன்று புரியவில்லை. 6ஆம் பிரிவு பெண்ணுக்கு எதிரான பாகுபாடு என்பது வெளிப்படை. இலங்கை அரசியலமைப்பில் சமத்துவ உரிமை இருக்கிறது. ஒரு வழக்குப் போட்டுச் செல்லாததாக்க முடியாதா? இந்தியாவில் நீதிமன்றங்கள் பழைய சட்டங்களைத் தள்ளுபடி செய்கின்றனவே.

உறுதிப்பெட்டி:

முடியாது, இதுதான் எல்லாவற்றிலும் கசப்பான பகுதி. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவம் தருகிறது. 16ஆம் உறுப்புரையின் முதற்பந்தி, அரசியலமைப்பு வந்தபோது இருந்த எழுத்துச் சட்டமும் எழுதாச் சட்டமும் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. 80ஆம் உறுப்புரை, சட்டமானபின் எந்த மன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது. ஆக 1707இலும் 1806இலும் 1911இலும் எழுதியவை சமத்துவ உறுப்புரைக்கு மேலே உட்கார்ந்திருக்கின்றன. நாடாளுமன்றம் மாற்றினால்தான் உண்டு.

அதுவரை இருக்கும் ஒரே வாசல் 1911 கட்டளைச்சட்டத்தின் 8ஆம் பிரிவு. கணவர் கைவிட்டுப் போயிருந்தால், இருவரும் ஒத்துப் பிரிந்திருந்தால், தண்டனை பெற்று இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தால், மனநிலை பாதிக்கப்பட்டிருந்தால், இருப்பிடம் தெரியாவிட்டால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அவருக்குப் பதிலாகச் சம்மதம் கொடுக்கலாம். மனுவும் சத்தியக்கடதாசியும் (பிரமாணப் பத்திரம்) வேண்டும். எந்தக் காணி, என்ன தேவைக்கு, யாருக்குக் கைமாற்றப் போகிறார் என்று எழுத வேண்டும்.

போருக்குப்பின் இந்தப் பிரிவின் "இருப்பிடம் தெரியாவிட்டால்" என்ற சொற்கள் எத்தனையோ பெண்களின் வாழ்க்கையாகிவிட்டன. கணவர் காணாமலாக்கப்பட்டவர். மனைவியின் சீதனக் காணியைப் பிள்ளைக்கு எழுத, வீட்டுக் கடனுக்கு ஈடுவைக்க, அவருடைய கையெழுத்து வேண்டும். 2010இன் தற்காலிக ஏற்பாட்டுச் சட்டத்தின்கீழ் மரணச் சான்றிதழ் எடுத்தால் சம்மதம் தேவைப்படாது. ஆனால் அதை எடுப்பது அவர் செத்துவிட்டார் என்று மனைவியே கையெழுத்திடுவது. பலர் மறுக்கிறார்கள், மறுக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. எடுத்தால் இன்னொன்றும் நடக்கும்: கணவரின் தேடியதேட்டத்தில் பாதி உடனே உரித்தாளிகளுக்குத் திறந்துவிடும், பிள்ளைகள் சிறியவர்களென்றால் அவர்களின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். 2016இன் திருத்தம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணவில்லை என்று பதிவுசெய்யும் சான்றிதழைத் தந்தது. 8ஆம் பிரிவு மனுவோடு அதை இணைப்பதே நல்லது, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் கிராம அலுவலரின் கடிதமும் கூடவே. எந்தத் தொகையும் பெறுமதியும் மனுவிலும் உறுதியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவகத்தில் திருப்பி அனுப்புவார்கள், மறுபடியும் நீதிமன்றம்.

கைநாட்டு:

ஒரு சந்தேகம். கட்டளை கிடைத்தபின் அதே காணியில் இன்னொரு துண்டை விற்க வேண்டி வந்தால் புதிதாக மனுப் போட வேண்டுமா?

உறுதிப்பெட்டி:

கட்டளையின் வாசகத்தைப் பொறுத்தது. ஒரு குறிப்பிட்ட கைமாற்றத்துக்கென்று கேட்டால் அதற்கு மட்டும்தான் தருவார்கள். ஆகவே மனு எழுதும்போதே எதிர்பார்க்கும் கைமாற்றங்கள் எல்லாவற்றையும், அட்டவணையில் உறுதி இலக்கம், நில அளவைப் பட இலக்கம், நான்கு எல்லை, பரப்பு, குழி என்று தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். ஒருமுறை ஏறும் படியை மூன்றுமுறை ஏற வேண்டாம்.